நாட்காட்டித் தாளில் ஒன்பது ‘ஏன்’: முத்தியால்பேட்டை மாடியில் ஒரு சரிபார்ப்புச் சேவை

கட்டணம் 1,800 ரூபாய். அதற்கு இரண்டு அமர்வுகள். ஒரு வரிகூட எழுதித் தரமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுப்பார் என்று நம்பி வந்து, முகம் சுளித்துக்கொண்டு படியிறங்கிய இருவரை நானே பார்த்தேன்.

இடம் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மணிக்கூண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே தையற்கடை, மேலே வீடு. தையற்கடைப் பலகைக்கு அடியில் முழ நீளத் தகரத்தில் ‘தொழில்நுட்ப அறிக்கைகள் சரிபார்க்கப்படும்’ என்று எழுதியிருக்கிறது. ‘ரவிக்கை ஒரே நாளில்’ என்பதற்குக் கீழே இருப்பதால் யார் கண்ணிலும் படாது. சேவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒலிபரப்புப் பொறியாளர். டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அம்மா என்றே எழுதுகிறேன். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் திட்ட அறிக்கையோடு வரும் பொறியியல் மாணவர்கள். சமுதாய வானொலி தொடங்க விண்ணப்பம் போடுகிறவர்களும் உண்டு. வானொலித் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் முன்மொழிவைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் ஆள் நான்தான். “வானத்திலிருந்து வருவதும் சிக்னல்தானே, கொண்டா பார்க்கலாம்” என்றார். துணிச்சல்தான். அந்தத் துணிச்சல் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதே இந்த விமர்சனம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன், பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வுப் பொருள், பக்கத்தில் இருக்கும் சிறிய, மங்கலான விண்மீன்திரள்களில் உள்ள ஹைட்ரஜன் வாயு. இதைக் கண்ணாடித் தொலைநோக்கியில் பார்க்க முடியாது. நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், 1420.4 மெகாஹெர்ட்ஸில், மெல்லிய குரலில் பேசும். அதைக் கேட்க நம் நாட்டில் இருக்கும் பெரிய காது புனே மாவட்டத்தில் நாராயண்காவ் பக்கம் கோடாத் என்ற ஊரில் இருக்கிறது. ஜி.எம்.ஆர்.டி. எனப்படும் மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்தது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள். 14 நடுவில் சுமார் ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் நெருங்கி நிற்கின்றன, மீதி 16 மூன்று கரங்களாக விரிந்து நிற்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்.

இதில் பணம் கட்டி நேரம் வாங்குவதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சுற்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு அறிவியல் நியாயம் எழுத வேண்டும். எப்படிப் பார்க்கப் போகிறாய், அதற்கு இந்த அமைப்புகள் ஏன் வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்ப நியாயம் எழுத வேண்டும். என் முதல் முன்மொழிவு இந்த இரண்டாவதில்தான் கவிழ்ந்தது. தவறு முழுக்க என்னுடையது. நேரம் ஒதுக்கும் குழுவின் குறிப்பு சுருக்கமாக, மரியாதையாக, வலிக்கிற மாதிரி இருந்தது.

அம்மாவிடம் வருவதற்கு முன் ஓர் இணையவழித் திருத்த நிறுவனத்துக்கு 4,200 ரூபாய் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று நாளில் பதில் வந்தது. காற்புள்ளிகளெல்லாம் திருத்தம். என் ஆங்கிலம் சலவைக்குப் போய் இஸ்திரி போட்டு வந்தது. கணக்கில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது, பளபளப்பாக.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரப் பயணம். ஆல்பேட்டையில் ஆற்றைக் கடந்தால் மீதி தூரம் தானாகக் கழியும். செவ்வாய், புதன், வியாழன் மாலை நான்கரை மணிக்கு மேல்தான் அம்மா ஆட்களைப் பார்க்கிறார். முதல் அமர்வில் முன்மொழிவை என் எதிரிலேயே படித்தார். படிக்கும்போது பேசமாட்டார். பக்கத்தில் கிழித்து வைத்த தினசரி நாட்காட்டித் தாள்கள் ஒரு கட்டு இருக்கிறது. சந்தேகம் வரும் இடத்தில் ஒரு தாளை எடுத்து, பின்புறத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதி, அந்தப் பத்தியின் மேல் வைப்பார். படித்து முடிக்கும்போது ஒன்றரைப் பக்கத் தொழில்நுட்ப நியாயத்தின் மேல் ஒன்பது தாள்கள் கிடந்தன. எல்லாம் ‘ஏன்’ என்றே தொடங்கின. ‘ஏன் 400?’ என்ற தாளைத் திருப்பினால் அன்றைய ராகுகாலம். ‘ஏன் 8 மணி?’ என்பதன் முதுகில் எனக்கே சந்திராஷ்டமம்.

முதல் தாள் முதல் பத்தியின் மேல். அந்தப் பத்தியில் தொலைநோக்கியைப் பற்றி எழுதியிருந்தேன். 30 ஆண்டெனா, 45 மீட்டர், 25 கிலோமீட்டர், மேம்படுத்திய பின் கிடைக்கும் 400 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் (ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய அதிர்வெண் வீச்சு) என்று பெருமையாக. தாளில் இருந்த கேள்வி: ‘ஏன் அவர்களுக்கே?’

புரியவில்லை என்றேன்.

“இதைப் படிக்கப் போகிறவர்கள் யார்? அந்தத் தொலைநோக்கியோடு பழகியவர்கள்தானே? மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, மாமனாருக்கு எத்தனை ஏக்கர் நிலம் என்று அவருக்கே விளக்கியிருக்கிறாய்.”

அரைப் பக்கம் அங்கேயே போயிற்று. பக்க வரம்பு உள்ள விண்ணப்பத்தில் அரைப் பக்கம் என்பது சொத்து.

நான் எழுதி வைத்திருந்தது நியாயமே அல்ல, விளம்பரம் என்பது அப்போதுதான் உறைத்தது. இருப்பதிலேயே அகலமான பட்டை, எல்லா ஆண்டெனாக்களும், முழு நேரம் என்று எல்லாவற்றிலும் பெரியதைக் கேட்டிருந்தேன். கேட்பதற்குக் காரணமாக, அது இருக்கிறது என்பதைச் சொல்லியிருந்தேன். கல்யாண மண்டபம் பெரியது என்பதற்காக ஆயிரம் பேருக்கு இலை போடுவதில்லை. வருகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ண வேண்டும்.

‘ஏன் 400?’ தாளோடு மட்டும் நாற்பது நிமிடம் போயிற்று. இந்தச் சேவையின் தரம் என்ன என்பது அதிலேயே தெரிந்துவிடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். என் விண்மீன்திரள் நம்மை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது. (பெயர் சொல்லமாட்டேன், முன்மொழிவு இன்னும் குழுவிடம் இருக்கிறது.) அந்த வேகத்துக்கு ஹைட்ரஜன் கோடு, அதாவது அந்த 21 சென்டிமீட்டர் சிக்னல், 1420.4 இலிருந்து இறங்கி 1415.4 மெகாஹெர்ட்ஸில் விழும். திரள் சுழல்வதால் கோட்டின் அகலம் விநாடிக்கு 60 கிலோமீட்டர். அதிர்வெண்ணில் சொன்னால் 283 கிலோஹெர்ட்ஸ். நான் கேட்டிருந்தது 400 மெகாஹெர்ட்ஸ் பட்டை, 2,048 சேனல்கள், அதாவது அந்தப் பட்டையை 2,048 துண்டுகளாக நறுக்குவது. அம்மா வகுத்தார். கால்குலேட்டர் இல்லை, நாட்காட்டித் தாளிலேயே. ஒரு சேனலுக்கு 195 கிலோஹெர்ட்ஸ். அதை வேகக் கணக்கில் மாற்றச் சொன்னார். விநாடிக்கு 41 கிலோமீட்டர் வந்தது.

“உன் கோடே 60. உன் படி 41. ஒன்றரைப் படியில் சுழற்சியை எப்படிப் பார்ப்பாய்? அரிசி மண்டித் தராசில் தாலிக்குண்டு நிறுக்கப் போகிறாயா?”

இதைவிடக் கேவலமான ஒன்று இரண்டு பத்தி தள்ளி இருந்தது. அங்கே இரைச்சல் கணக்கை, அதாவது சிக்னலை மறைக்கும் சலசலப்பு எவ்வளவு என்பதை, 5 கிலோமீட்டர் சேனலுக்குப் போட்டு வைத்திருந்தேன். அதாவது ஒரே முன்மொழிவில் சேனல் 41 என்கிறது, இரைச்சல் 5 என்கிறது. எப்படி நேர்ந்தது என்று கேட்டார். சேனல் பத்தி ஒரு மூத்த ஆய்வாளரின் பழைய முன்மொழிவிலிருந்து வந்தது, இரைச்சல் பத்தி இன்னொருவருடையதிலிருந்து. இரண்டும் அவரவர் வேலைக்குச் சரியாக இருந்தவைதான். என் தாளில் வந்து சேர்ந்ததும் சம்பந்திச் சண்டை. இஸ்திரி போட்ட நிறுவனத்தின் கண்ணில் இது படவே இல்லை.

கடைசியில் 12.5 மெகாஹெர்ட்ஸ், 2,048 சேனல்கள் என்று முடிவானது. ஒரு சேனல் 6.1 கிலோஹெர்ட்ஸ், விநாடிக்கு 1.3 கிலோமீட்டர். நான்கு சேனல்களைக் கூட்டினால் 5.2 கிலோமீட்டர். இரைச்சல் கணக்கு அந்த 5.2க்கு. இப்போது இரண்டு பத்திகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் அம்மா விடவில்லை. கோடு 283 கிலோஹெர்ட்ஸ்தானே, 12.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் எதற்கு என்றார். ஒலிபரப்புக்காரருக்குத் தேவையில்லாத பட்டை என்றால் அடுத்தவர் வீட்டில் கால் நீட்டுவது மாதிரி. இங்கே அவர் கேட்டது தவறான கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். கோட்டைச் சுற்றி வெற்றுச் சேனல்கள் வேண்டும். பின்னணியில் இருக்கும் தொடர் கதிர்வீச்சைக் கழிக்க அவைதான் அடித்தளம். பட்டையின் இரு ஓரங்களும் சரிந்திருக்கும் என்பதால் அவற்றை நம்ப முடியாது. அதற்கு 6.25 போதாதா என்றார். போதும். பிறகு எதற்கு 12.5? யோசித்தேன். என் திரள் தனி ஆள் இல்லை, ஒரு குழுவில் இருக்கிறது. 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே ஓர் ஆண்டெனாவின் பார்வை வட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை, முழு நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வட்டத்துக்குள் அக்கம்பக்கத்துச் சிறு திரள்களும் விழலாம். அவற்றின் வேகம் எனதிலிருந்து சில நூறு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். 12.5 மெகாஹெர்ட்ஸ் 2,650 கிலோமீட்டர் வேக அகலத்தைப் பிடிக்கும். இது என் மனத்தில் எங்கேயோ இருந்தது, தாளில் இல்லை. “அதைத்தானே எழுத வேண்டும்” என்றார். எழுதினேன். ஒரே வாக்கியம். என் முன்மொழிவில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

குறுக்கீடு பற்றிய பத்தியையும் கடன்தான் வாங்கியிருந்தேன். கைபேசிக் கோபுரங்கள், 900 மெகாஹெர்ட்ஸ், எச்சரிக்கையாக நீக்குவோம் என்று. அம்மா சிரித்துவிட்டார். ஒலிபரப்புப் பொறியாளரிடம் அலைவரிசை ஒதுக்கீட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். 1400 முதல் 1427 வரை யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது பன்னாட்டு விதி. ஹைட்ரஜனைக் கேட்பவர்களுக்காகவே காலியாக விட்ட தெரு அது. என் 1415.4 அந்தத் தெருவின் நடுவில் இருக்கிறது. நானோ 400 மெகாஹெர்ட்ஸ் கேட்டு, 1227.60இல் இருக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களையும், 1176.45இல் ஜி.பி.எஸ்.ஸோடு நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக்கையும் வலியப் போய் அழைத்து வந்துவிட்டு, பிறகு விரட்டுவதாகச் சத்தியம் செய்திருந்தேன். குறுகிய பட்டைக்கு இதுவே இன்னொரு நியாயம். பத்து வரிகள் இரண்டு வரிகளாயின.

முதல் அமர்வு அத்தோடு முடிந்தது. மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது, கீழே தையல் இயந்திரங்கள் நிற்காமல் ஓடுகின்றன. தலைவலி வரும் ஆட்கள் மாத்திரையோடு போகலாம். தேநீர் தருகிறார், நல்ல தேநீர்.

இரண்டாவது அமர்வுக்குப் போகும்போது பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு டப்பா கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், கட்டணத்தில் கழிக்கவில்லை. அன்றைக்கு ‘ஏன் 8 மணி?’

உண்மையைச் சொன்னேன். மற்றவர்கள் 8 மணி கேட்டிருந்தார்கள். 6 கேட்டால் குறைவாகத் தெரிந்தது, 12 கேட்டால் பேராசையாகத் தெரிந்தது.

“சரி, எவ்வளவு மங்கலானதைப் பார்க்க வேண்டும்?”

திரளின் ஓரத்தில் இருக்கும் வாயு, 40 வில்விநாடி (பாகையை 3,600 ஆக்கினால் ஒரு வில்விநாடி) அகலமுள்ள கற்றைக்குள், அதாவது தொலைநோக்கி ஒரே புள்ளியாகப் பார்க்கும் வட்டத்துக்குள், 2 மில்லிஜான்ஸ்கி (வானொலிப் பிரகாசத்தின் அலகு) அளவுக்கு வரும் என்பது என் மதிப்பீடு. பழைய முன்மொழிவில் அதற்கு இரைச்சல் 0.35 என்று கணக்கிட்டு, சிக்னல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருக்கிறது, கவலை இல்லை என்று எழுதியிருந்தேன். 0.35 எத்தனை ஆண்டெனாவுக்கு என்று கேட்டார். 26க்கு, நான்கைப் பழுதுக்கென்று கழித்துவிட்டேன். அந்த 26 சேர்ந்தால் கற்றை எவ்வளவு அகலம்? சுமார் 2 வில்விநாடி. 2 மில்லிஜான்ஸ்கி எந்தக் கற்றையில்? 40இல்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு வியர்த்தது. 40க்கு 2 என்றால் பரப்பில் நானூறில் ஒரு பங்கு. வாசலில் அண்டா வைத்துப் பிடித்த மழையைப் பாலாடையில் வைத்துக் காட்டுவதாக எழுதியிருக்கிறேன். குழுவினர் இதைக் கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்கள்? என் வழிகாட்டி கண்டுபிடிக்கவில்லையே என்று கேட்காதீர்கள், அவரிடம் கடைசி இரவில்தான் அனுப்பினேன்.

பரவிக் கிடக்கும் மெல்லிய வாயுவைப் பிடிப்பவை நெருங்கி நிற்கும் ஆண்டெனாக்கள். தொலைவில் நிற்பவை நுணுக்கத்தைப் பார்க்கும், பரவலைக் கோட்டைவிடும். ஆகவே கணக்கை நடுச்சதுரத்து 14ஐ மட்டும் வைத்துப் போட வேண்டும். 30 ஆண்டெனாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள், 26க்கு 325. 14க்கோ வெறும் 91. இரைச்சல் ஜோடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிராகப் போகும் என்பதால் 0.35 ஏறத்தாழ 1.9 மடங்காகி 0.65இல் வந்து நின்றது. இரண்டுக்கு 0.65 என்றால் மூன்று மடங்கு. ஓரத்து வாயுவுக்கு அது போதும். கரங்களின் உட்புற ஆண்டெனாக்களும் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் இது கறாரான கணக்கு.

எத்தனை மணிக்கு? 8 மணிக்கு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குருட்டுப் பூனை விட்டத்தில் தாவி, விட்டமும் அங்கேயே இருந்திருக்கிறது. எண் மாறவில்லை, ஆனால் இப்போது அதற்குக் கீழே கால்கள் இருந்தன. பாதி இரைச்சல் வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம், 32 மணி. அது ஏன் வேண்டாம் என்பதையும் ஒரு வரியில் எழுத வைத்தார். 4 மணி தந்தால் சிக்னல் இரைச்சலைப் போல மூன்று மடங்கிலிருந்து இரண்டு மடங்காகச் சுருங்கும், ஓரத்தை நம்ப முடியாது என்று இன்னொரு வரி. குழு நேரத்தைக் குறைக்க நினைத்தால், குறைத்தால் எது போகும் என்பது அவர்கள் கண் முன்னால் இருக்க வேண்டுமாம். வானொலி நிலையத்துக்குக் கருவி வாங்கக் கோப்பு எழுதியபோது கற்ற வித்தை என்றார்.

பிறகு, “இந்த 8 மணியும் உன் திரளையேதான் பார்க்குமா? கருவியை எப்போது சரிபார்ப்பாய்?” அதையும் விட்டிருந்தேன். தொடக்கத்திலும் முடிவிலும் 3சி147 அல்லது 3சி286 மாதிரி பிரகாசம் தெரிந்த கேலிபிரேட்டர் (கருவியைச் சரிபார்க்க உதவும் வான்பொருள்) ஒன்றைப் பார்க்க வேண்டும். நடுவில் அரை மணிக்கொரு முறை பக்கத்திலிருக்கும் இன்னொரு கேலிபிரேட்டருக்குப் போய் ஐந்து நிமிடம் நின்று திரும்ப வேண்டும். 45 மீட்டர் ஆண்டெனா ஆட்டோ ரிக்‌ஷா போலச் சட்டென்று திரும்பாது. எல்லாம் கூட்டினால் 10 மணி நேரம். 8 கேட்டுவிட்டு 6 மணி நேரம்தான் திரளைப் பார்த்திருப்பேன்.

அடுத்த தாள், ‘ஏன் எந்த மாதமும்?’ எந்த மாதமானாலும் பரவாயில்லை என்று தாராளமாக எழுதியிருந்தேன். வானொலிக்குப் பகல் இரவு கிடையாது என்பது பாடப்புத்தக வாசகம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சூரியன் தன்னளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர் அல்லவா என்றார். உண்மைதான். எனக்கு வேண்டியவை நெருங்கிய ஜோடிகள், சூரியனின் தொல்லை அதிகம் தாக்குவதும் அந்த ஜோடிகளைத்தான். இரவில் பார்ப்பதே நல்லது. என் திரள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சிம்ம ராசியில், மகம் நட்சத்திரத்துக்கு வடக்கே.

“மகமா? அப்படியானால் மாசி.”

விண்ணப்ப மென்பொருளைத் திறந்து, தேதி போட்டு, உதய அஸ்தமன வரைபடம் வரைந்து நான் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் நாட்காட்டிக் கட்டைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார். மாசியில் முழு நிலவு மகத்தின் அருகே நிற்கும். முழு நிலவு சூரியனுக்கு நேர் எதிரில் இருக்கும். எனவே மாசியில் மகம் இரவு முழுவதும் வானில் இருக்கும். வைத்திக்குப்பம் கடற்கரையில் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பதும், கடலூரில் தேவனாம்பட்டினத்தில் நாங்கள் கூட்டத்தில் நசுங்குவதும் அந்த நிலவுக்காகத்தான். சின்ன வயதிலிருந்து போகிறேன், ஒருமுறைகூட இதை இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை. பிப்ரவரி, மார்ச் என்று எழுதினேன். திரள் கோடாதுக்கு ஏறத்தாழ உச்சந்தலை மேல் கடக்கும், ஆண்டெனா தாழ்ந்து பார்க்கக்கூடிய எல்லைக்கு மேல் பத்து மணி நேரம் சொச்சம் இருக்கும். ஒரே இரவில் முடிக்கப் பார்த்தால் இழுத்துப் பறிக்கிற மாதிரி ஆகும், இரண்டு இரவுகளில் ஐந்தைந்து மணியாகக் கேட்டேன்.

தரவு அளவு பற்றிய தாளை விரைவாக முடித்தோம். 8 விநாடிக்கொரு முறை பதிந்தால் என் கணக்கில் மொத்தம் 70 ஜிகாபைட் பக்கம் வரும். கல்லூரிக் கணினியில் அது அடங்கும். 16,384 சேனல் கேட்டிருந்தால் எட்டு மடங்காகி, வன்தட்டு வாங்க இன்னொரு முன்மொழிவு எழுதியிருக்க வேண்டும்.

இனிக் குறைகள். அம்மாவுக்கு வானியல் தெரியாது, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் தெரிந்த துறையின் பழக்கம் சில இடங்களில் குறுக்கே வருகிறது. ஆண்டெனாவின் திறனை அவர் டெசிபெலில் கேட்டார், எங்கள் ஆட்கள் ஜான்ஸ்கிக்கு எத்தனை கெல்வின் என்று எழுதுவார்கள். அதை மாற்றிச் சொல்வதிலேயே இருபது நிமிடம் வீண். எந்தக் கேலிபிரேட்டர், எத்தனை ஆண்டெனா இந்தப் பருவத்தில் வேலை செய்யும் போன்றவற்றுக்குத் தொலைநோக்கியின் சொந்த வழிகாட்டி ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும். அம்மாவிடம் போனால் அவை தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நேரக் கணக்கீட்டுக் கருவி இணையத்தில் இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டால் எண் வரும். போட்ட எண் எதற்கு என்று அது கேட்காது, அவர் கேட்பார்.

ரசீது கிடையாது. கேட்டால் நாட்காட்டித் தாளில் எழுதித் தருகிறார், ஆய்வு நிதியில் அதை எந்தக் கணக்கர் ஏற்பார்? படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். நாய் ஒன்று இருக்கிறது, கடிக்காது, ஆனால் காகிதம் தின்னும். என் அறிவியல் நியாயத்தின் இரண்டாம் பக்கம் அதன் வயிற்றில் இருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை இல்லை, மின்னஞ்சலில் அனுப்பினால் படிக்கமாட்டார், அச்செடுத்துக்கொண்டு நேரில்தான் வர வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய மூன்று நாள்கள் யாரையும் சேர்ப்பதில்லை. அந்த மூன்று நாளில் வருகிறவர்களுக்குத் தேவை ஆறுதல்தான், சரிபார்ப்பு அல்ல என்கிறார்.

இதில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் ஒன்றுதான். ‘எழுதித் தரமாட்டேன்’ என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு அளவுக்கு மீறியது. இரண்டாம் அமர்வின் முடிவில் ஒரு வாக்கியம் எப்படித் திருப்பினாலும் நொண்டியது. இரண்டு சொற்கள் சொல்லியிருக்கலாம். சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போதுதான் எனக்கு அது பிடிபட்டது.

முன்மொழிவு போய்விட்டது, முடிவு வரவில்லை. நேரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்பவர்கள் அதிகம், இரவுகள் குறைவு. கிடைக்காவிட்டால் இந்த விமர்சனத்தைத் திருத்தப் போவதில்லை. 4,200 ரூபாய்க்குக் காற்புள்ளி வாங்கியவள் என்ற முறையில், 1,800 ரூபாய்க்கு 41 கிலோமீட்டரைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு ஐந்துக்கு நான்கரை தருகிறேன். அரை மதிப்பெண் நாய்க்காகக் குறைத்தது.

போக நினைப்பவர்கள் தையற்கடையில் சொல்லி வைத்தால் அவர்கள் மேலே குரல் கொடுப்பார்கள். படியின் உச்சியிலிருந்தே முதல் கேள்வி வரும்: “எந்த அதிர்வெண்?” எனக்கு முன்னால் வந்த இளைஞன் எல்லா அதிர்வெண்ணும் என்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கீழேயே திரும்பிவிட்டான்.